அப்பா பறித்த இளநீரும் நான் போட்ட வீடியோவும்

2025, மே 8. இரவு பதினொன்றே கால் மணி. பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு லேப்டாப், இரண்டு மொபைல் சகிதம் உட்கார்ந்திருந்தேன். நைட் ஷிஃப்ட் வந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பது அப்போது நான் இருந்த செய்தித்தளத்தில் கிடைத்த ஒரே சலுகை.

'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கி இரண்டாவது இரவு அது. எந்த சேனலைத் திருப்பினாலும் சைரன் சத்தம். வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு வீடியோ வந்து விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று, 19 விநாடி. இருட்டு வானம், தரையிலிருந்து சிவப்புக் கோடுகளாகச் சீறிப் பாயும் குண்டுகள், கடைசியில் தீப்பிடித்து விழும் ஒரு விமானம்.

பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. விமானம் விழும்போதுகூட கேமரா துளியும் ஆடவில்லை. பக்கத்தில் ஒரு மனிதக் குரல்கூட இல்லை. ஷிஃப்ட் பொறுப்பில் இருந்தவரிடம், ''சார், இது எங்க எடுத்ததுன்னு தெரியலையே'' என்று மெசேஜ் போட்டேன். ''எல்லாரும் போட்டுட்டாங்க. நாமதான் லேட். போடுங்க'' என்று பதில் வந்தது.

போட்டேன். 'எல்லையில் கடும் சண்டை... தீப்பிடித்து விழுந்த விமானம்!' என்று தலைப்பும் நானே வைத்தேன். யாருடைய விமானம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால்தானே க்ளிக் பண்ணுவார்கள்!

விடிவதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எனக்கு ஒரு ஹார்ட் எமோஜி கிடைத்தது.

''தோணியும் போட்டியா?''

காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தார் அப்பா. ராணுவத்தில் 24 வருடம் இருந்து, ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கையில் இருந்த மொபைலை என் பக்கம் திருப்பினார். அவருடைய பழைய ராணுவ நண்பர்கள் குரூப்பில் அதே வீடியோ. மூலையில் எங்கள் தளத்தின் லோகோ.

''இது நீ போட்டதா பாப்பா?''

''ஆமாம்ப்பா. டெஸ்க்ல போடச் சொன்னாங்க, போட்டேன்.''

''இது வீடியோ கேம்ல வர்ற சீனாம். குரூப்ல ஒருத்தரோட பேரன் பார்த்த உடனே சொல்லிட்டான். உனக்குத் தோணலையா?''

''தோணுச்சுப்பா.''

''தோணியும் போட்டியா?''

எனக்குக் கோபம்தான் வந்தது. ''சொன்னதைச் செய்யறதுதானே வேலை? நீங்க மிலிட்டரியில அப்படித்தானே இருந்தீங்க?'' என்று கேட்டுவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய நண்பர் ஒருவரின் மகன் விமானப்படையில் இருக்கிறார், எல்லையோர மாநிலத்தில் டியூட்டி. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல், மகனுடைய ஸ்விட்ச் ஆஃப் ஆன நம்பருக்கே போன் போட்டுக்கொண்டிருந்தாராம். அதை மட்டும் சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மா இருப்பது ஆவடியில். எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். வீடியோவைப் பார்த்த மூன்று லட்சம் பேர் என்பது எனக்கு அதுவரை ஒரு எண்ணாக மட்டுமே இருந்தது.

எங்கள் தளம் அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் நீக்கியது. 'தவறாகப் போட்டுவிட்டோம்' என்று ஒரு வரிகூடப் போடவில்லை. நான் கேட்டதற்கு, ''டெலிட் பண்ணியாச்சுல்ல, அப்புறம் என்ன?'' என்றார்கள்.

ரம் பாட்டில் கேட்காத தெரு

எங்கள் ஏரியாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை புறநகர் ரயிலில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று போர்டு போட்ட வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்துக்காகப் போட்ட பாதை அது. இந்தப் பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது காக்கியோ ஆலிவ் பச்சையோ போட்டவர்கள் இருப்பார்கள். 1961-ல் தொடங்கிய ஆவடி டாங்க் ஃபேக்டரி, ராணுவ யூனிஃபார்ம் தைக்கிற ஓ.சி.எஃப், அர்ஜுன் டாங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப் என்று எல்லாமே சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு வருகிற முதல் கோரிக்கை எதுவாக இருக்கும்? ''அண்ணே, கேன்டீன்ல ஒரு ரம் வாங்கித் தர முடியுமா? காசு கூடக்கூட போட்டுத் தர்றேன்.''

அப்பா குடிக்க மாட்டார். அவருடைய கோட்டா மாதாமாதம் அப்படியே கிடக்கும். வாங்கி விற்றால் எங்கள் ஸ்கூல் வேன் ஃபீஸுக்கு ஆகியிருக்கும். அம்மாவே ஒருமுறை ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். ''அது எனக்குக் குடுத்தது. விக்கிறதுக்குக் குடுக்கலை'' என்பதுதான் அப்பாவின் ஒரே பதில். கொஞ்ச வருடத்தில் தெருவில் யாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பின்னால், 'கஞ்சன் ஹவில்தார்' என்று பெயர் வைத்தார்கள்.

சின்ன வயதில் எனக்கு இது அசிங்கமாக இருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் கொடுக்கிறார்களே, இவருக்கு மட்டும் என்ன என்று நினைத்திருக்கிறேன். அதற்கான காரணம் அந்த மே மாதத்தில்தான் தெரிந்தது.

இரண்டு இளநீர்

வீடியோ விஷயம் நடந்து மூன்றாம் நாள், சண்டை நிறுத்தம் அறிவித்த இரவு. மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். அப்பா அவராகவே பேச ஆரம்பித்தார். அவர் இலங்கையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

1988. அப்பாவுக்கு 20 வயது. இந்திய அமைதிப்படையில் ஒரு சிப்பாயாக வவுனியா பக்கம் இருந்தார். நாள் முழுக்க ரோந்து. வெயில், தாகம், எங்கே கண்ணிவெடி இருக்குமோ என்ற பயம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் குட்டைத் தென்னை. வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. கைக்கு எட்டுகிற உயரத்தில் குலை. அப்பா இரண்டு இளநீரைப் பறித்து, குடித்துவிட்டு, மட்டையை வேலியோரம் போட்டுவிட்டார்.

பின்னால் வந்த சுபேதார் அந்த மட்டையைப் பார்த்துவிட்டார். வரிசையாக நிற்க வைத்து, யார் என்று கேட்டார். அப்பா கையைத் தூக்கினார். அடிப்பார் என்று நினைத்திருக்கிறார். சுபேதார் ஒன்றே ஒன்று கேட்டாராம்.

''ஆஜ் நாரியல். கல் க்யா?''

இன்றைக்குத் தேங்காய். நாளைக்கு என்ன?

மறுநாள் காலை சுபேதாரே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் ஒரு வயதான அம்மா. முந்தின நாளும் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார், பயந்துகொண்டு வெளியே வரவில்லை. அப்பா தன் ரேஷனில் இருந்த இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, ''நேத்து உங்க மரத்துல இளநீர் பறிச்சது நான்தாம்மா. தப்புதான்'' என்றார்.

சிப்பாய் தமிழில் பேசியதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு சொன்னார்: ''கேட்டிருந்தா தந்திருப்பனே, தம்பி.''

இதைச் சொல்லும்போது 57 வயது அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. ''திட்டியிருந்தா மறந்திருப்பேன் பாப்பா. நம்ம பாஷையில, நம்ம ஆயா மாதிரி சொல்லுச்சு. கையில துப்பாக்கி இருந்தா கேக்கணும்னே தோணாது. அதான் அதுல இருக்கற பிரச்னை.''

கொஞ்சம் பொறுத்து, ''உன் கையில இருக்கறதும் கிட்டத்தட்ட அதுதான்'' என்றார். என் மொபைலைப் பார்த்துக்கொண்டே.

'சட்டப்படியான' என்ற ஒரு வார்த்தை

என் தம்பி அப்போது அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. ஓடவும் சுடவும் சொல்லித் தருவார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதை எப்படிச் சொல்லித் தருவார்கள்?

ரிப்போர்ட்டர் புத்தி. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் பரங்கிமலையில் இருக்கிறது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1963-ல் தொடங்கியது. 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 'கௌரவத்தோடு சேவை செய்' என்பது அதன் தாரக மந்திரம். இந்திய ராணுவ அதிகாரிகள் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பாடம், 1932 டிசம்பரில் டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் ஃபீல்ட் மார்ஷல் செட்வுட் பேசியது. அதன் சாரம் இதுதான். நாட்டின் பாதுகாப்பும் கௌரவமும் நலனும் எப்போதும் முதலில். உன் கீழே இருக்கும் வீரர்களின் நலன் அதற்கடுத்து. உன் சொந்த சுகம் எப்போதும் கடைசியில். பேசியது ஒரு பிரிட்டிஷ்காரர். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அதை மாற்றவில்லை.

சிப்பாய்களுக்கு 'கசம் பரேடு' என்று ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் கொடிக்கு முன்னால், அவரவர் மத நூலின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுப்பார்கள். அந்த உறுதிமொழியின் வரிசையைக் கவனித்தேன். அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்பது முதலில் வருகிறது. உயிருக்கே ஆபத்து என்றாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவு, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதது குற்றம் என்கிறது. ஆனால், எந்தக் கட்டளைக்கு? 'சட்டப்படியான' கட்டளைக்கு. அந்த ஒரு வார்த்தை அங்கே இருக்கிறது. மேலே இருப்பவர் சொன்னார் என்பதாலேயே ஒரு கட்டளை சட்டப்படியானது ஆகிவிடாது.

'நீங்க மிலிட்டரியில அப்படித்தானே இருந்தீங்க' என்று அப்பாவிடம் கேட்டேனே... கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதற்குப் பெயர் போன ராணுவமே, சட்டத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஏ.சி-க்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்குத்தான் அது தெரியவில்லை.

காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்கள் போன்ற இடங்களுக்கு எழுதி வைத்த விதிகளும் உண்டு. 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை' என்றே அதற்குப் பெயர். பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதனையிட வேண்டும், பிடித்தவர்களைக் கூடிய விரைவில் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும், யாரையும் சித்ரவதை செய்யக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியல். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று 1997-ல் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், இந்த விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். சிரித்தார். ''க்ளாஸ்ல சொன்னது பாதி மறந்துபோச்சு. மறக்காம இருக்கறது வேற. பாரக்ல முப்பது பேர் இருப்போம். பக்கத்து பெட்காரன் பர்ஸை நம்பி விட்டுட்டுப் போவான். கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் போய் உக்காருவோம். யாருக்கு என்ன சாமின்னே மறந்துடும். இதெல்லாம் தினமும் செஞ்சது. பாடமா படிச்சது இல்லை.''

யாராவது ஒருவர் 'நிறுத்து' என்றிருந்தால்...

இவ்வளவும் நல்ல கதை. ஆனால், இதோடு நிறுத்தினால் நான் மறுபடியும் அந்த 19 விநாடி வீடியோவைப் போட்ட மாதிரிதான் ஆகும். பாதியை மட்டும் காட்டின மாதிரி.

அப்பாவிடம் கேட்கத் தயங்கிய கேள்வியை ஒருநாள் கேட்டேன். ''யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில என்னப்பா நடந்துச்சு?''

1987 அக்டோபர் 21. தீபாவளி நாள். அப்பா இலங்கைக்குப் போவதற்கு முந்தைய வருடம். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் அமைதிப்படையினர் நுழைந்தார்கள். அன்றும் மறுநாளும் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள், ஊழியர்கள் என 60-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கைகளைத் தூக்கியபடி வெளியே வந்த ஒரு குழந்தைகள் நல மருத்துவரும் அதில் ஒருவர். உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் நடந்த மோதல் என்றது ராணுவத் தரப்பு. உயிர் தப்பியவர்கள் சொன்னது வேறு. இன்றும் அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு வருடமும் நினைவஞ்சலி நடக்கிறது.

ஒரு மாதம் சொச்சம் கழித்து, 1987 நவம்பர் 25-ல் அதே இலங்கையில் நடந்த சண்டையில், நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் தன் வீரர்களை வழிநடத்தி உயிர்விட்டார் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். நம் பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர். பரம்வீர் சக்ரா பெற்றவர். அங்கே அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கே அவர் பெயர்தான். ஒரே படை, ஒரே போர், ஒரு மாத இடைவெளி. நாம் பெருமையாகச் சொல்வதும் சொல்லத் தயங்குவதும் ஒரே காலண்டரில் இருக்கின்றன.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ''நான் அங்க இல்லை. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா, அங்க யாராவது ஒரு சுபேதார் 'நிறுத்து'ன்னு சொல்லியிருக்கணும்'' என்றார். கொஞ்சம் விட்டு, ''1990-ல கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கினோம். ஆயிரம் பேருக்கு மேல செத்துப்போய், மிச்சம் இருந்தவங்க திரும்பி வந்தோம். நம்ம ஊர்ல எங்களைப் பார்க்கக்கூட யாருக்கும் பிடிக்கலை. கோபமாத்தான் இருந்துச்சு. ஆனா, அவங்க கோபத்துக்கும் காரணம் இருந்துச்சுல்ல?'' என்றார்.

'நிறுத்து' என்று சொன்ன ஒருவரின் கதை எனக்குத் தெரியும். 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமம். அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயுதமில்லாத கிராமத்து மக்களை நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே பறந்த ஹெலிகாப்டர் பைலட் ஹியூ தாம்ப்ஸனுக்கு 24 வயது, என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஹெலிகாப்டரைத் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் நடுவில் இறக்கினார். 'இவர்கள் மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்' என்று தன் குழுவினரிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். பதுங்கியிருந்த சிலரை உயிரோடு மீட்டார்.

ஊர் திரும்பியபோது அவருக்குத் துரோகி என்ற பட்டம்தான் கிடைத்தது. அமெரிக்க அரசு பதக்கம் கொடுத்தது 1998-ல், 30 வருடம் கழித்து. அதன் பிறகு ராணுவக் கல்லூரிகளே அவரை அழைத்து மாணவர்களிடம் பேச வைத்தன. அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்ற ஒரே அதிகாரி வில்லியம் கேலி. விசாரணையில் அவர் சொன்ன சமாதானம், 'எனக்கு வந்த கட்டளையைத்தான் நிறைவேற்றினேன்' என்பது.

'டெஸ்க்ல போடச் சொன்னாங்க, போட்டேன்.'

இரண்டையும் ஒன்றாக வைப்பது எனக்கே அதிகமாகத்தான் தெரிகிறது. அவர் கையில் ரத்தம். என் கையில் வெறும் க்ளிக். ஆனால், வாக்கியம் ஒன்றுதான்.

எதிரியின் சட்டைப்பையில் ஒரு கடிதம்

இந்தக் கதைகளில் தம்பிக்கு ரொம்பப் பிடித்தது கார்கிலில் நடந்தது. 1999, டைகர் ஹில். பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் தன் ஆட்களைத் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்த்து எதிர்த்தாக்குதல் நடத்தி, அங்கேயே செத்துப்போனார். அந்தப் பகுதியின் இந்திய கமாண்டர் பிரிகேடியர் எம்.பி.எஸ்.பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்பும்போது, 'இவர் மிகத் துணிச்சலாகப் போரிட்டார், உரிய மரியாதை தர வேண்டும்' என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்கு அந்நாட்டின் மிக உயரிய விருதான நிஷான்-ஏ-ஹைதரைக் கொடுத்தது.

''நம்ம ஆளுங்களைக் கொன்னவனுக்கு நாமளே சர்டிஃபிகேட் குடுத்தோமா?'' என்று முதலில் முறைத்தான் தம்பி. அப்பா, ''சண்டை போட்டவன் உன்னை மாதிரியே ஒருத்தன்னு தெரிஞ்சாதான், சண்டை முடிஞ்சதும் துப்பாக்கியைக் கீழ வைக்கத் தெரியும்'' என்றார். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால், அந்த வாரம் அவனுடைய ஸ்டேட்டஸில் வழக்கமாக வரும் 'அடிச்சுத் தூக்கு' வீடியோ எதுவும் வரவில்லை.

நாலு வருஷம் போதுமா?

தம்பி தேர்வாகிவிட்டான். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி.

அக்னிவீர் திட்டத்தில், பயிற்சியும் சேர்த்து மொத்தம் நான்கு வருடம். அதன் பிறகு ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். இந்தத் திட்டம் சரியா, தவறா என்று 2022-லிருந்து நாடே விவாதிக்கிறது. என் கேள்வி சின்னது. அப்பாவுக்கு அந்தச் சுபேதார் கிடைத்தது சேர்ந்து இரண்டாவது வருடம். கேன்டீன் பாட்டிலை விற்காத மனிதராக அவர் மாற எத்தனை வருடம் ஆனதோ! நாலு வருடத்தில், 'நாலில் ஒருவனாக நான் இருக்க வேண்டுமே' என்ற போட்டிக்கு நடுவில், தப்பு செய்தால் கையைத் தூக்கி 'நான்தான்' என்று சொல்கிற தைரியம் ஒரு பையனுக்கு வருமா?

அப்பாவிடம் கேட்டேன். ''நல்ல சுபேதார் கிடைச்சா ஒரே நாள் போதும். கிடைக்கலைன்னா 24 வருஷமும் பத்தாது'' என்றார்.

எனக்குக் கிடைத்த சுபேதார் வீட்டிலேயே இருந்தார். அந்த வீடியோ விஷயத்தில் நான் செய்தது ரொம்பச் சின்ன காரியம். தளம் திருத்தம் போட மறுத்ததால், என் சொந்தப் பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். 'மே 8 இரவு இந்த வீடியோவைப் பதிவேற்றியது நான். அது வீடியோ கேம் காட்சி. சந்தேகம் இருந்தும் போட்டேன். மன்னிக்கவும்.' மூன்று லட்சம் பேர் பொய்யைப் பார்த்தார்கள். திருத்தத்துக்கு விழுந்தது 23 லைக். 'பப்ளிசிட்டி தேடுறியா?' என்று இரண்டு கமென்ட். அலுவலகத்தில் மூன்று வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. சில மாதத்தில் வேறு வேலைக்கு மாறினேன்.

அந்தப் பதிவைப் போட்ட அன்று மாலை, ஆவடியில் இருக்கும் அந்த அம்மாவையும் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனேன். ''என் பையன் நல்லா இருக்கான்மா. நீ காபி சாப்பிடு'' என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இப்போது எந்த வீடியோ வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். யார் எடுத்தது? எப்போது? எங்கே? பதில் வரும்வரை போடுவதில்லை. 'லேட்' என்று இப்போதும் திட்டு வாங்குகிறேன்.

தம்பியை அனுப்ப சென்ட்ரலுக்குப் போயிருந்தோம். நீலகிரி எக்ஸ்பிரஸ். பிளாட்பாரம் முழுக்க அவனைப் போலவே ஒட்ட வெட்டிய தலைகள், கறுப்பு டிரங்குப் பெட்டிகள், அழுகிற அம்மாக்கள். எங்கள் அம்மாவும் அழுதார். அப்பா அட்வைஸ் மழை பொழியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

''எதுக்குப்பா? அங்க வேளாவேளைக்கு சாப்பாடு போடுவாங்க.''

''வெச்சுக்கோடா. பசிச்சா சாப்பிடு. எவன் மரத்துலயும் கை வைக்காதே.''

''புரியுதுப்பா.''

''தாகமா இருந்தா கேளு. கேட்டா தருவாங்க.''

வண்டி நகர்ந்தது. தம்பி ஜன்னல் வழியாகக் கையாட்டினான். அப்பா அது கண்ணிலிருந்து மறைகிற வரை அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.